இலோயிலோவில் ஒரு சனி, ஞாயிறு: எந்தச் சிற்றூருக்குப் போகலாம்?

பண்ணைக்கடல்:
நீருயிரின வளர்ப்புப் பயிற்சிநெறி ஒன்றுக்காகப் பிலிப்பைன்ஸின் இலோயிலோ மாகாணத்திலுள்ள திக்பவான் என்னும் கரையோர ஊருக்கு அடுத்த மாதம் செல்லவிருக்கிறேன். இடையில் ஒரு சனியும் ஞாயிறும் மட்டுமே ஓய்வு. போராக்காய்க் கடற்கரைக்குப் போகும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். கடலை நான் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் நாள்தோறும் பார்க்கிறேன். சிற்றூர் ஒன்றில் தங்கி, அங்குள்ளவர்கள் எதைத் தங்கள் மரபென்று போற்றுகிறார்கள் என்று அறிந்துவரவே விரும்புகிறேன். அவர்களின் மொழி தெரியாத ஒருவர் எங்கே, எப்படித் தொடங்குவது?

நாவற்குழியான்:
தம்பி, தொலைவில் தேட வேண்டாம். திக்பவானிலிருந்து அதே கரையோர வீதியில் ஜீப்னி என்னும் சிறு பயணிகள் வண்டியில் ஏறினால், கிம்பாலுக்கு அடுத்து மியாகாவ் வரும். அங்குள்ள கத்தோலிக்கக் கோயில் 1787இல் தொடங்கி 1797இல் கட்டி முடிக்கப்பட்டது; 1993இல் பிலிப்பைன்ஸின் வேறு மூன்று பழைய கோயில்களோடு சேர்த்து யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது. தெற்கிலிருந்து கடல்வழியாக வந்த தாக்குதல்களுக்கு அஞ்சி, சுவரை ஒன்றரை மீற்றர் கனத்தில் எழுப்பி, நான்கு மீற்றர் கனமுள்ள முட்டுச்சுவர்களால் தாங்கியிருக்கிறார்கள். நெடுந்தீவின் முருகைக்கல் மதில்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தக் கல் அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் உள்ளே போவதற்கு முன் முகப்பின் எதிரே அரைமணி நேரமாவது நில்லுங்கள். குழந்தை இயேசுவைத் தோளில் சுமக்கும் புனித கிறிஸ்தோப்பர், காற்சட்டையை மடித்துவிட்ட ஊர்க்காரரைப் போலத் தென்னையைப் பற்றிக்கொண்டு நிற்கிறார்; பக்கத்தில் பப்பாசியும் கொய்யாவும். ஐரோப்பியத் துறவிகள் கொண்டுவந்த கதையை அவ்வூர்க் கைகள் தம் வளவு மரங்களுக்கு நடுவே கொண்டுவந்து வைத்துவிட்டன. இரண்டு மணிக்கோபுரங்களும் ஒரே அளவில் இல்லாததையும் கவனியுங்கள்.

மறவன்புலவு வாசகி:
கோயிலோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. கோயில் கல்லாகிப்போன மரபு. அதே ஊரின் இந்தாகான் பகுதியில் 'ஹாப்லோன்' கைத்தறி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. நெய்தலைக் குறிக்கும் 'ஹாபோல்' என்ற அவர்களின் சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது. பெண்கள் நம்முடைய சாரத்தைப் போல இடுப்பில் சுற்றிக்கொள்ளும் கட்டம்போட்ட 'பதாத்யோங்' அந்தத் தறிகளில் நெய்யப்படுவது. பருத்தியோடு, அன்னாசி இலையிலிருந்து எடுக்கும் நாரையும் சேர்த்து நெய்வதுண்டு. நான் சென்றபோது தறியிலிருந்த முதிய பெண்ணொருவர் அறுந்த பாவு இழையை எச்சில் தொட்டு முடிந்துவிட்டு, என் சேலையின் ஓரத்தைக் கேட்காமலே தடவிப் பார்த்தார். அதன்பின் எங்களுக்கு மொழி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஊர்மொழி கினாராய்-ஆ என்றாலும், அங்கே பல்கலைக்கழக வளாகம் ஒன்று இருப்பதால் ஆங்கிலம் பேசுவோரும் எளிதில் கிடைப்பார்கள்.

என் தவறொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு திருப்பலி நடந்துகொண்டிருக்கையில் பீடத்துக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்தேன்; ஒருவர் என் முழங்கையைப் பிடித்து மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தினார். ஆகவே கோயிலைச் சனிக்கிழமை பாருங்கள், ஞாயிறன்று மற்றவர்களோடு உட்காருங்கள்.

பண்ணைக்கடல்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. சனி காலை முகப்பு, பிற்பகல் தறி என்று தீர்மானித்துவிட்டேன். வெறுங்கையோடு போய்க் கேள்விகளை அடுக்கக் கூச்சமாக இருக்கிறது. எதையாவது கொண்டுபோகலாமா?

நாவற்குழியான்:
பனங்கட்டிக் குட்டான் பத்துப் பன்னிரண்டு கொண்டுபோங்கள். தென்னங்கள் இறக்கி அதனைத் 'தூபா' என்று அழைக்கும் மக்களுக்குப் பனையிலிருந்து கட்டி வருவதை விளக்க வேண்டியதே இல்லை. ஓலையைப் பின்னிய விதத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அங்கே பிள்ளைகள் மூத்தவரின் கையை எடுத்துத் தம் நெற்றியில் வைத்து வணங்குவார்கள்; உங்களிடம் எவரும் அதை எதிர்பார்க்கமாட்டார்கள். குட்டானை மட்டும் இரண்டு கையாலும் கொடுங்கள். எறும்பு ஏறாமல் டின்னில் அடைக்க மறக்க வேண்டாம்.