மறு: ஸ்மால் ஃபார் ஜெஸ்டேஷனல் ஏஜ் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தாயின் வயிற்றில் இருந்த வாரக் கணக்குக்கு இருக்க வேண்டிய எடையைவிடக் குறைவாகப் பிறக்கும் குழந்தையைத்தான் ஆங்கிலத்தில் 'ஸ்மால் ஃபார் ஜெஸ்டேஷனல் ஏஜ்' என்கிறார்கள். இதை ஆய்வுகளில் தமிழில் எப்படி எழுதுவது என்று நீங்கள் சொன்ன யோசனைகளுக்கு என் பதில் கீழே.

> 'எடை குறைந்த குழந்தை' என்றே போட்டுவிடலாமே, எதற்குப் புதுச் சொல்?

போடலாம்தான். ஆனால் அந்த இடத்தை 'லோ பர்த் வெயிட்' (பிறக்கும்போது எடைக்குறைவு) ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. அது வெறும் தராசுக் கணக்கு. 2500 கிராமுக்குக் கீழே என்றால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. எந்த வாரத்தில் பிறந்தது என்று தராசு கேட்காது. நாம் தேடும் சொல்லுக்கோ வாரம்தான் உயிர். அதே வாரத்தில் பிறந்த, அதே பாலினக் குழந்தைகளை எடைப்படி வரிசையில் நிறுத்தினால், கடைசிப் பத்து விழுக்காட்டில் இது வருகிறதா என்பதுதான் கேள்வி.

40 வாரத்தில் 2600 கிராமுடன் ஒரு குழந்தை பிறக்கிறது. குறைமாதம் இல்லை, 2500-ஐயும் தாண்டிவிட்டது. ஆனால் வாரவாரியான எடை வரைபடத்தில் பத்தாம் நூற்றுமானக் கோட்டுக்கு, அதாவது அந்தக் கடைசிப் பத்து விழுக்காட்டைப் பிரிக்கும் கோட்டுக்கு, கீழே விழும். இன்னொன்று 34 வாரத்தில் 2200 கிராம். குறைமாதமும் உண்டு, எடைக்குறைவும் உண்டு, ஆனால் அந்த வாரத்துக்கு அது சரியான எடைதான். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் ஆய்வின் அட்டவணையே பாழ். ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் இருந்ததுதான். 2500 கிராமோ அதற்குக் குறைவோ இருந்தாலே 'பிரிமெச்சூர்' (குறைமாதம்) என்று எழுதிவந்தார்கள். 1961-இல்தான் உலக சுகாதார நிறுவனம் எடையையும் மாதத்தையும் பிரித்தது.

> வளர்ச்சி குன்றிய சிசு?

வேண்டவே வேண்டாம். வயிற்றுக்குள் வளர்ச்சி தடைப்படுவது தனி நிலை, அதற்குத் தனிச் சொல் வேண்டும். பெற்றோர் இருவரும் சிறிய உடல்வாகு என்றால் பிள்ளையும் சிறியதாக, நலமாகவே பிறக்கலாம். ஓர் ஒப்புதல் படிவத்தில் நானே 'குன்றிய' என்று எழுதியவன்தான். வாசித்துப் பார்த்த ஒரு தாய் அந்தச் சொல்லில் விரலை வைத்து, "மூளை வளர்ச்சியா சார்?" என்று கேட்டார். அன்றோடு விட்டேன்.

> கருவயதுச் சிறுமை

சிறுமை என்றால் இழிவு என்றும் பொருள் உண்டே! பிறந்த அன்றே அந்தப் பட்டம் எதற்கு?

'கருவயது' என்பதிலும் சிக்கல் இருக்கிறது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவதால், 'ஜெஸ்டேஷனல் ஏஜ்' என்ற இந்தக் கணக்கு கருவின் உண்மையான வயதைவிட ஏறக்குறைய இரண்டு வாரம் கூடுதல். கருவியலில் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுகிறார்களே, 'கருவயது' அதற்குத்தான் பொருந்தும். இதற்குக் 'கர்ப்பவாரம்' போதும் என்பேன். முதல் இரண்டு வாரம் கர்ப்பமே இல்லையே என்று மடக்குவீர்கள், சரிதான். ஆனால் "எத்தனை வாரம்?" என்று கேட்டால் தாய்மார் சொல்வது இந்தக் கணக்கைத்தான். தூய தமிழ் வேண்டும் என்பவர்கள் 'சூல்வாரம்' என்று எழுதட்டும், எனக்கு மறுப்பில்லை.

ஆக, என் முன்மொழிவு: அட்டவணையில் 'வாரச் சிற்றெடை', அதன் மறுமுனைக்கு 'வாரப் பேரெடை', நடுவில் இருப்பதற்கு 'வாரத்துக்கேற்ற எடை'. 'குறையெடை' 2500 கிராம் கணக்குக்கு மட்டும். தாயின் கையில் போகும் படிவத்தில் இந்தச் சுருக்கம் எதுவும் வேண்டாம். 'பிறந்த வாரத்துக்கு இருக்க வேண்டிய எடையைவிடக் குறைவாக உள்ள குழந்தை' என்று நீட்டியே எழுதலாம். ஒரு வரி கூடினால் கூடட்டும்.

அப்புறம் இன்னொன்று. 2023-இல் லான்செட் ஆய்விதழில் வந்த தொடர், குறைமாதம், வாரச் சிற்றெடை, குறையெடை மூன்றையும் சேர்த்து 'ஸ்மால் வல்னரபிள் நியூபார்ன்' என்று ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. அந்த 'வல்னரபிள்' என்னைப் படுத்துகிறது. 'நலிந்த' என்றால் ஏற்கெனவே நோயுற்றதுபோல் இருக்கிறது, 'எளிதில் பாதிக்கப்படும்' என்றால் வால் நீளம். யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் புது இழையில் தொடங்குங்கள், இதோடு கலக்க வேண்டாம்.