மறுமொழி: சேலஞ்ச் லாக்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> சவால் பூட்டு என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

ஐயா, புரியும்தான். ஆனால் வேறொன்றாகப் புரிந்துவிடுமே என்பதுதான் என் தயக்கம். பின்லாந்தின் அப்லாய் புரோடெக் பூட்டைக் கையில் கொடுத்தால் நானே “இது சவாலான பூட்டு” என்றுதான் சொல்வேன். ஆனால் அது சேலஞ்ச் லாக் இல்லை. யாரும் திறந்துவிடக் கூடாது என்று தொழிற்சாலையில் செய்து விற்கும் பூட்டு அது. நம் சொற்பட்டியலுக்காக நாம் பெயர் தேடுவது இதற்கு நேர் எதிரான பொருளுக்கு. ஒருவர் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து, இன்னொருவர் சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்பதற்காகவே செய்து, அஞ்சலில் அனுப்பி வைக்கும் பூட்டு.

நான் இருப்பது ஹாம்பர்க்கில். பூட்டுத் திறப்பதை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்களின் ஜெர்மன் சங்கம் 1997இல் தொடங்கியது இந்த ஊரில்தான். சில வருடங்களாக நானும் இதில் ஈடுபட்டிருக்கிறேன். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் பெயர் வைத்தால் பெயர் ஒட்டாது என்பதால், அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டுக் கதவில் இருக்கும் சாதாரண பின் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள் (பின் என்பது உள்ளே ஏறி இறங்கும் சிறு உலோகக் குச்சி). சாவி நுழையும் உள்ளுருளை, அதைச் சுற்றி உடல், இரண்டையும் சேர்த்துத் தைத்ததுபோல் ஐந்தாறு பின் ஜோடிகள், அவற்றின் தலையில் ஸ்பிரிங். ஒவ்வொரு ஜோடியும் பிரியும் இடம் உருளையின் விளிம்போடு ஒத்து நின்றால் உருளை சுழலும். சாவி இந்த வேலையை ஒரே தள்ளலில் செய்கிறது. சாவி இல்லாதவர் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பின்னாக மேலே ஏற்றுகிறார்.

பூட்டைச் செய்பவர் கைவைப்பது இந்தப் பின்களில்தான். பித்தளைப் பின்னை டிரில்லின் வாயில் கவ்வக் கொடுத்து, சுழலவிட்டு, ஊசி அரத்தைப் பக்கவாட்டில் வைத்தால் பின்னின் இடுப்பு ஒடுங்கும். நூல் சுற்றும் கட்டை மாதிரி ஆகிவிடும். அப்படிப்பட்ட பின் ஏறும்போது உருளை கொஞ்சம் திரும்பிக் கொடுக்கும், திறந்துவிட்டது என்று நெஞ்சு துள்ளும், திறந்திருக்காது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், பின் நிற்கும் துளைக்குள்ளேயே மரை வெட்டிவிடுவார்கள். பின்னிலும் வரிவரியாக வெட்டியிருந்தால், அது அந்த மரையில் பாதி வழியில் சிக்கும். எந்த உயரத்தில் நிற்கிறது என்று விரலுக்குத் தெரியாது. இதையெல்லாம் செய்த பிறகும் அதன் சொந்தச் சாவியைப் போட்டால் பூட்டு வழுக்கிக்கொண்டு திறக்க வேண்டும். எங்களுக்குள் யாரும் எழுதி வைக்காத நாணயம் இது. பசை ஊற்றியோ உள்ளே எதையாவது திணித்தோ அடைத்துவிட்டு “திற பார்க்கலாம்” என்பவரை யாரும் மதிப்பதில்லை.

போன குளிர்காலத்தில் ஒன்று எனக்கு வந்தது. குமிழி உறையில் சுற்றிய பூட்டு, தனி உறையில் ஒட்டி மூடிய சாவி, இதற்கு முன் யார் யார் திறந்தார்கள் என்று அவரவர் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. பதினொரு இரவு உட்கார்ந்தேன். திறந்ததும் உருளையை வெளியே எடுத்து, பின்களை வரிசை குலையாமல் தட்டில் அடுக்கிப் படம் எடுத்தேன். திறந்ததற்கு அதுதான் சாட்சி. செய்தவரின் வேலைப்பாட்டைக் கண்ணால் பார்க்கும் நேரமும் அதுதான். மூன்றாவது பின்னில் அவர் வெட்டியிருந்த வரிகள் தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எல்லாவற்றையும் பழையபடி கோத்து, சீட்டில் என் பெயரை எழுதி, அடுத்தவருக்கு அனுப்பினேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> பந்தயப் பூட்டு எப்படி? லண்டன் கதையில் பரிசுப் பணம் உண்டே.

அக்கா, நீங்கள் நினைவூட்டிய அந்தப் பூட்டுதான் சேலஞ்ச் லாக் என்ற ஆங்கிலப் பெயரைத் தாங்கிய பழைய பூட்டு. லண்டன் பூட்டுக்காரர் ஜோசப் பிராமா 1784இல் தன் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1790 முதல் பிக்காடிலியில் அவருடைய கடைச் சன்னலில் ஒரு பூட்டு இருந்தது. இதைத் திறக்கும் கருவியைச் செய்து காட்டுபவருக்கு 200 கினி (அன்றைய ஆங்கிலப் பொற்காசு) என்று அதில் எழுதியிருந்தது. பிராமா 1814இல் இறந்துபோனார். பூட்டு திறக்கப்படாமலே சன்னலில் இருந்தது. 1851இல் மாபெரும் கண்காட்சிக்காக லண்டன் வந்த அமெரிக்கப் பூட்டுக்காரர் ஹாப்ஸ், 16 நாட்களில் பரவிய சுமார் 51 மணி நேர உழைப்பில் அதைத் திறந்தார். இப்போது அது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பந்தயப் பூட்டு என்றால் முழுக்கப் பொருந்தும். என் மேசைக்கு வந்ததில் பந்தயம் ஏது? அஞ்சல் செலவுகூட அவரவர் கையிலிருந்துதான். இன்னொன்றும் கவனியுங்கள். யாராலும் முடியாது என்று காட்டத்தான் பிராமாவின் கடை அதைச் சன்னலில் வைத்தது. இன்றைக்குச் செய்பவர், தன் பூட்டை யாரும் திறக்காவிட்டால் வருத்தப்படுகிறார்.

அறைகூவல் பூட்டு என்ற யோசனையும் இதனால்தான் எனக்கு உறுத்துகிறது. மேடையிலிருந்து தலைவர் விடுப்பது அறைகூவல். பித்தளைத் துண்டை அரத்தால் தேய்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு அது ரொம்பச் சத்தமான சொல்.

புதிர்ப்பூட்டு அழகான சொல்தான். ஆனால் அது வேறொரு பொருளுக்கு வேண்டும். சாவித்துளையே கண்ணில் படாத, எதை அழுத்தி எதை நகர்த்துவது என்று கண்டுபிடித்துத் திறக்க வேண்டிய தந்திரப் பூட்டுகள் இருக்கின்றன. திண்டுக்கல்லில் மாங்காய்ப் பூட்டோடு அவற்றையும் செய்து வந்திருக்கிறார்கள். திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர்ப் பெருமை. புதிர்ப்பூட்டு என்ற பெயரை அவற்றுக்கே விட்டுவைப்போம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், பின்னால் பட்டியலைப் புரட்டுபவர் குழம்பிப்போவார்.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன நொடிப்பூட்டைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று வழி தெரிந்தது. அவருக்கு நன்றி. விடுகதையை நொடி என்று சொல்லும் வழக்கை வைத்து அவர் அதைச் சொன்னார். தமிழ்நாட்டில் அது ஒரு நொடியில் திறக்கும் பூட்டு என்றாகிவிடும், அதனால் அந்தச் சொல் வேண்டாம். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம் சரி. இந்தப் பூட்டுக்கு மிக நெருங்கிய உறவு விடுகதைதான்.

யோசித்துப் பாருங்கள். விடுகதையைப் போடுபவருக்கு விடை தெரியும். விடை இல்லாத விடுகதையைப் போட்டால் அது ஏமாற்று. கேட்பவர் விடுவிக்க வேண்டும் என்பதற்காகவே அது போடப்படுகிறது. விடுவித்தவர் அதைத் தன்னோடு வைத்துக்கொள்வதில்லை, அடுத்த ஆளிடம் போடுகிறார். மேலே நான் எழுதிய பூட்டின் வாழ்க்கை அப்படியே இதுதான். வினைகளும் தாமாக வந்து உட்காருகின்றன. விடுகதையும் போடுகிறோம், பூட்டும் போடுகிறோம். இப்படி ஒரே வினை இரண்டுக்கும் வாய்ப்பதை நான் தேடிப் போகவில்லை; மொழியில் ஏற்கெனவே இருந்தது. சவால் என்ற சொல்லும் அரபியில் கேள்வி என்ற பொருளிலிருந்து வந்ததுதான். ஆகவே, அந்தச் சொல்லைப் பிடித்தவர்களுக்கும் இது தூரத்துச் சொந்தம்.

என் முன்மொழிவு: விடுபூட்டு.

விடுகதை எப்படி வினைத்தொகையோ அப்படியே இதுவும். சந்தியில் எதுவும் மிகாது. ஐந்தே எழுத்து, வாய்க்கு எளிது. ‘விட்டுவிட்ட பூட்டு’ என்று யாராவது படிப்பார்களோ என்று நேற்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். விடுகதையை யாரும் விட்டுவிட்ட கதை என்று படிப்பதில்லை. முதல் பத்து முறை விளக்க வேண்டியிருக்கும், அப்புறம் பழகிவிடும்.

இன்னொரு காரணமும் எனக்கு முக்கியம். தமிழில் சாவியில்லாமல் திறப்பது என்றாலே கள்ளச்சாவி, பூட்டு உடைப்பு என்று திருட்டுப் பக்கம்தான் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. எங்கள் பழக்கத்தில் இரண்டு விதிகள் உண்டு. உனக்குச் சொந்தமில்லாத பூட்டை, உடையவர் சம்மதம் இல்லாமல் தொடாதே. கதவில் பயன்பாட்டில் இருக்கும் பூட்டை, உன்னுடையதாக இருந்தாலும், தொடாதே. விடுபூட்டு என்றால் சம்மதம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. திறக்கச் சொல்லித் தரப்பட்டது அது.

செய்பவரைப் ‘பூட்டு போட்டவர்’ என்றும் திறப்பவரை ‘விடுவித்தவர்’ என்றும் சொன்னால் போதும், புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். உருளை பொய்யாகத் திரும்பி நிற்கும் அந்த நிலைக்குப் ‘பொய்ப்பிடி’ என்று வைத்துப் பார்த்தேன். கை உணர்வது அதைத்தான். பின்களை வெளியே எடுத்து வரிசையாக அடுக்கிக் காட்டுவதற்கு ஆங்கிலத்தில் குடலை உருவுவதுபோல ஒரு சொல் இருக்கிறது. அது நமக்கு வேண்டாம். ‘பிரித்துக் காட்டுதல்’ என்று எழுதி வருகிறேன், ஆனால் அதில் வரிசை குலையாமல் என்ற பொருள் வரவில்லை. தறியிலோ நகைப் பட்டறையிலோ கடிகாரக் கடையிலோ, கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே வைப்பதற்கு ஒரு சொல் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். குறிப்பாக, திண்டுக்கல் பக்கம் உறவினர்கள் இருப்பவர்கள் பட்டறையில் கேட்டுச் சொன்னால் பெரிய உதவி.

பட்டியலுக்கான வரைவு இது. திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன்:

விடுபூட்டு: பெயர்ச்சொல். சாவியின்றிக் கருவியால் திறந்து பார்க்கும்படி ஒருவர் மாற்றியமைத்து, விளையாட்டு நண்பர்களுக்குத் தரும் பூட்டு. தன் சாவிக்குத் தடையின்றித் திறக்க வேண்டும். ‘அவர் போட்ட விடுபூட்டை மூன்று பேர் விடுவித்துவிட்டார்கள்.’