அட்டைப்பெட்டி வீட்டின் கூரை தொய்கிறது, என்ன செய்யலாம்?

ஃபிரிட்ஜ் பெட்டியையும் வாஷிங் மெஷின் பெட்டியையும் சேர்த்துப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வீடு கட்டினேன். அட்டைக்குள் இருக்கும் நெளிவுகள் மேலிருந்து கீழாக ஓடும்படி வைத்ததால் சுவர்கள் கெட்டியாக நிற்கின்றன. கூரைதான் தொல்லை. சாய்கூரை, நீளம் சுமார் 4 அடி, ஐந்தடுக்கு அட்டை. மறுநாளே முகடு நடுவில் தொய்ந்தது. ஒரு வாரத்தில் உள்ளங்கை அளவு இறங்கிவிட்டது. பிரவுன் டேப் உரியும்போது அட்டையின் மேல்தாளும் கூடவே வருகிறது.

இன்னொரு அட்டையை நெளிவுகள் குறுக்காக வரும்படி வெள்ளைப் பசையால் ஒட்டிப் பார்த்தேன். கனம் கூடியதுதான் மிச்சம், ஈரத்தில் அட்டையும் வளைந்தது. அப்புறம் நடுவில் அட்டைக் குழாயை முட்டுக்கொடுத்தேன். நிற்கிறது, ஆனால் சின்னவள் நுழைந்ததும் அதைத்தான் பிடித்து ஆட்டுகிறாள். ஆணி, கம்பி வேண்டாம். வீடு கூடத்தில்தான் இருக்கிறது, மழை படாது.

உள்ளே தூண் இல்லாமல், அட்டையை மட்டும் வைத்து முகட்டைத் தாங்க வைப்பது எப்படி?