இட்லி மங்குது, சட்னி பச்சையடிக்குது: லென்ஸ் மாத்தணுமா?

மெதுவடை:
வீட்டிலிருந்தே டிபன் ஆர்டர் எடுக்கிறேன், மெனு கார்டுக்குப் படம் வேணும். கையில் கேனான் 1500டி, 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ். ஜன்னலோரம் வெச்சு எடுத்தேன், மேலே டியூப் லைட்டும் எரிஞ்சது. இட்லி பழைய வேட்டி கணக்கா அழுக்கு வெள்ளையா விழுது. தேங்காய் சட்னி ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பச்சை. முன்னாடி இட்லி மட்டும் பளிச்சுன்னு இருக்கு, பின்னாடி சாம்பார் கிண்ணம் கரைஞ்சே போச்சு. ஏவி மோட் (துளை அளவை நான் வைப்பேன், ஷட்டர் வேகத்தை கேமரா பார்த்துக்கும்), எஃப்/1.8 (லென்ஸ் துளை முழுசா திறந்திருக்கு), ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தோட நிறத்தை கேமராவே சரிபண்ணும்).

நிழற்குடை:
லென்ஸ்ல ஒரு குறையும் இல்லைங்க, காசை மிச்சம் பண்ணுங்க. முதல்ல டியூப் லைட்டை அணைங்க. ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப் லைட் வேற நிறம். ஒரே ஒயிட் பேலன்ஸ் ரெண்டுக்கும் பொருந்தாது.

இட்லி மங்குறது கேமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்கிற மீட்டரால. ஃபிரேம் பூரா வெள்ளையா இருந்தா, வெளிச்சம் ஜாஸ்தின்னு எடுத்துக்கிட்டு சாம்பலுக்கு இறக்கிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தோட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற செட்டிங்) +1 வைங்க. இட்லி மேலே இருக்கிற துளைகள் மறைய ஆரம்பிச்சா கொஞ்சம் குறைங்க.

எஃப்/1.8 வெச்சு ஒன்றரை அடி தூரத்துல எடுத்தா ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவா விழுற தூரம், ஒரு சென்டிமீட்டர்கூட வராது. இன்னும் ஓரடி பின்னால போய், துளையைச் சுருக்கி எஃப்/8 வைங்க, ஓரத்தை அப்புறம் வெட்டிக்கலாம்.

மெதுவடை:
எஃப்/8 வெச்சா ஷட்டர் 1/10 செகண்ட் காட்டுது அண்ணே, கை ஆடுது. ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான கேமராவோட உணர்திறன்) ஏத்தினா புள்ளி புள்ளியா வருது.

கடலைமிட்டாய்:
இட்லி எங்கேயும் ஓடிடாதுக்கா. ட்ரைபாட் இல்லைன்னா டப்பாவை அடுக்கி மேலே கேமராவை வெச்சு, 2 செகண்ட் டைமர் போடுங்க. ஐஎஸ்ஓ 100 போதும். ஆவி பறக்கணும்னா மட்டும் கதை வேற: ஷட்டர் 1/125 வேணும், ஐஎஸ்ஓ ஏறத்தான் செய்யும். வெளிச்சம் பின்னாலிருந்து வரணும், பின்னணி கருப்பா இருந்தாத்தான் ஆவியே தெரியும்.

எல்லாத்துக்கும் எஃப்/8 வேண்டியதில்லை. தோசையை நேர் மேலிருந்து எடுத்தா எஃப்/4 தாராளம். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை நிறுத்துங்க, நிழல் இளகும்.

மெதுவடை:
லைட்டை அணைச்சு +1 வெச்சேன், சட்னி சட்னியா வந்துடுச்சு! ஆனா எவர்சில்வர் கிண்ணத்துல நானும் கேமராவும் தெரியறோம்.

நிழற்குடை:
வெள்ளை சார்ட் பேப்பர்ல லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அது வழியா எடுங்க. கிண்ணத்துல வெள்ளை மட்டும்தான் தெரியும். லென்ஸ் ஒரு கரும்புள்ளியா விழுந்தா அதை மறைக்க மேலே ஒரு கறிவேப்பிலைக் கொத்து வைங்க.