முதல் வகுப்பில் ஆங்கில வாசிப்பு: ஒலியில் தொடங்குவதா, சொல்லில் தொடங்குவதா?

கரும்பலகை:
முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை ஒழுங்கான வரிசையில் கற்பித்த பிறகே கதைப்புத்தகத்தைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், மீதியை ஊகித்துக்கொள் என்று பழக்கும் வழக்கம் இன்னும் பல வகுப்பறைகளில் இருக்கிறது. வாசிப்பை ஒருவகை ஊக விளையாட்டு என்று அமெரிக்கக் கல்வியாளர் கென்னத் குட்மன் 1967-இல் விளக்கியதிலிருந்து அதற்கு ஒரு மதிப்பும் வந்துவிட்டது. ஆனால், அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் அளித்த அறிக்கை, முறைப்படுத்திய ஒலிவழிக் கற்பித்தலே கூடுதல் பலன் தருவதாகக் கண்டது. ‘ஹவுஸ்’ என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் படத்தைப் பார்த்து ‘ஹோம்’ என்று படிக்கும் குழந்தையை, பொருள் சரிதானே என்று விட்டுவிடுகிறோம். படமே இல்லாத பக்கத்தில் அந்தக் குழந்தை எதைப் பற்றிக்கொள்ளும்?

நெடில்:
நீங்கள் சொல்லும் ஒழுங்கு ஆங்கிலத்தில் எங்கே இருக்கிறது? எழுத்துகள் 26, ஒலிகள் ஏறத்தாழ 44. ஓ, யு, ஜி, எச் என்ற அதே நான்கு எழுத்துகள் ‘த்ரூ’, ‘தோ’, ‘ரஃப்’, ‘காஃப்’ என்னும் நான்கு சொற்களில் நான்கு விதமாக ஒலிக்கின்றன. ஆங்கிலத்தை வேறு 12 ஐரோப்பிய மொழிகளோடு ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வு, தொடக்க வாசிப்பில் ஆங்கிலக் குழந்தைகள் இரு மடங்குக்கும் மேல் மெதுவாக முன்னேறுவதாகக் கூறியது. இதற்கிடையில், பூனையைக் குறிக்கும் ‘கேட்’ என்ற சொல்லை ‘கு, ஆ, டு’ என்று ஒவ்வொன்றாக உச்சரித்துவிட்டு, கடைசி ஒலிக்கு வருவதற்குள் முதல் ஒலியை மறந்து விழிக்கும் பிள்ளைகளை நாள்தோறும் பார்க்கிறோம். சில சொற்களை முழுவடிவமாக அறிமுகப்படுத்தி, விருப்பமான கதையின் வழியே அழைத்துச் செல்வதில் என்ன குறை?

இங்கிலாந்தில் 2012 முதல் நடக்கும் ஒலிவழித் தேர்வில் 40 சொற்களில் 20 பொருளற்ற போலிச் சொற்கள். பொருள் தேடிப் பழகிய குழந்தை போலிச் சொல்லைத் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிப் படித்தால் அது தவறாகிறது. வாசிப்பின் நோக்கத்தையே இப்படித் தலைகீழாக்கலாமா?

கரும்பலகை:
நெடில் அவர்களே, ‘கு, ஆ, டு’ என்று நீங்களே எழுதியதில்தான் சிக்கல் இருக்கிறது. ஒலிவழி முறையின் மீது குறை சொல்வதற்கு முன், அது எப்படிச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். மெய்யொலியோடு ஓர் உகரத்தை ஒட்டவைத்துச் சொல்லும் பழக்கம் நம் நாவில் ஊறியது. அப்படிச் சொல்லிக்கொடுத்தால், ‘குஆடு’ என்பதிலிருந்து ‘கேட்’ என்ற சொல்லை எந்தக் குழந்தையும் பிரித்தெடுக்க முடியாது. அதனால்தான் ‘ஸ்ஸ்ஸ்’, ‘ம்ம்ம்’ என்று மூச்சுவிடாமல் இழுக்கக்கூடிய ஒலிகளை முதலில் எடுத்து, ‘ஸ்ஸ்ஸன்ன்ன்’ என்று இடைவெளியின்றி அடுத்த ஒலிக்கு நழுவவைக்கிறோம். க், ட் போன்ற ஒலிகளை இழுக்க இயலாது என்பதால் அவற்றைச் சுருக்கமாகத் தட்டிவிட்டு உடனே உயிரொலிக்குப் போக வேண்டும். இந்த ஒரு திருத்தம் பல வகுப்புகளில் நிலைமையை மாற்றிவிடும்.

விதிவிலக்கான சொற்களும் முழுக்க விதிவிலக்கல்ல. ‘சொன்னார்’ என்று பொருள்படும் ‘செட்’ (said) என்ற சொல்லில் முதல் ஒலியும் கடைசி ஒலியும் எழுத்துக்கு ஒத்தே வருகின்றன. நடுவில் மட்டும் ஒரு கோணல், அதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். போலிச் சொல்லைத் தேர்வில் வைப்பது, குழந்தை மனப்பாடத்தை ஒப்பிக்கிறதா, எழுத்தைப் பார்த்துப் படிக்கிறதா என்று அறிவதற்கே.

துணைக்கால்:
இடையில் ஒரு சொல். தமிழிலும் எழுத்து மட்டும் போதுவதில்லை. ‘பம்பரம்’ என்பதில் முதல் பகரம் ஒருவிதமாகவும், மகர மெய்யை அடுத்து வரும் பகரம் வேறுவிதமாகவும் ஒலிக்கின்றன. ‘கொடி’ என்பதில் ஒற்றைக்கொம்பை ககரத்துக்கு முன்னால் எழுதிவிட்டு, அதன் ஒலியைப் பின்னால் சொல்கிறோம். தமிழ் பேசும் பிள்ளைகள் இவற்றை எளிதில் கடப்பதற்குக் காரணம், அந்தச் சொற்களைப் பேச்சில் முன்பே கேட்டிருப்பதுதான். வீட்டில் ஆங்கிலம் கேட்காத குழந்தைக்கு அந்த ஊன்றுகோல் இல்லை. ‘சன்’ என்று பிழையின்றிக் கூட்டிப் படித்தாலும், அது வெறும் ஒலியாகவே நின்றுவிடும்.

நெடில்:
நான் சொல்லவந்ததும் இதுவே. கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-இல் வாசிப்பை ஒரு பெருக்கலாகக் கண்டனர்: எழுத்தைப் படிக்கும் திறன் பெருக்கல் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன். இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழி. பாடவேளை முழுவதையும் ஒலி அட்டைகளே விழுங்கிவிட்டால் இரண்டாவது திறன் எப்போது வளரும்?

கரும்பலகை:
வளரட்டும், ஆனால் காதின் வழியே வளரட்டும். ஆசிரியர் நாள்தோறும் கதையை உரக்கப் படித்துக் காட்டி, புதிய சொற்களைப் பேச்சில் பழக்குவதை நானும் வேண்டுகிறேன். குழந்தை தானே படிக்கும் பக்கத்தில் மட்டும், அதற்குக் கற்பித்த ஒலிகளால் ஆன சொற்களே இருக்க வேண்டும். அங்கே ஊகத்துக்கு இடம் தர மாட்டேன்.

நெடில்:
கற்பித்த ஒலிகளால் மட்டுமே ஆன பக்கத்தில் கதை என்று ஒன்று மிஞ்சுமா என்பதே என் ஐயம். ஏற்கெனவே உரக்கப் படித்துக் காட்டிய கதையையே குழந்தையிடம் படிக்கக் கொடுக்கலாம். கடினமான சொற்களை மட்டும் ஆசிரியர் எடுத்துக் கொடுத்தால் போதும்.