திறக்க மறுக்கும் படத் தொகுப்பு: வழிகாட்டுங்கள்
அன்பர்களுக்கு வணக்கம். மொரீசியசின் கத்ர் போர்னில் வசிக்கிறேன். கோர் தெ கார்ட் மலைக்கோவில் தைப்பூசக் காவடிப் படங்கள் உட்பட எங்கள் குடும்பத்தின் 15 ஆண்டுப் படங்களைத் தாங்கிய, ஆப்பிளின் போட்டோஸ் செயலித் தொகுப்பு, வீட்டு மேக் கணினியில் சென்ற வாரம் மின்சாரம் தடைப்பட்டதிலிருந்து சரியாக இயங்கவில்லை. அம்மா பால்குடத்துடன் படியேறும் படம் சிறு கட்டத்தில் தெளிவாகத் தெரிகிறது. சொடுக்கினால் சாம்பல் நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி மட்டுமே வருகிறது. ஆப்ஷன், கமாண்ட் விசைகளை அழுத்திப் பிடித்துப் போட்டோஸைத் திறந்து, தொகுப்பை இருமுறை சீரமைத்தும் பயனில்லை.

தொகுப்பை, விண்டோஸ், மேக் இரண்டிலும் இயங்கும் எக்ஸ்ஃபாட் வடிவ வெளி வட்டில் வைத்திருந்தேன். மேக்கிற்கே உரிய ஏபிஎஃப்எஸ் போன்ற வடிவமே ஏற்றது என்பதைப் பின்னரே அறிந்தேன். தொகுப்பினுள் மூலப் படங்கள் இருக்கும் ஒரிஜினல்ஸ் கோப்புறையில் பல கோப்புகள் நல்ல நிலையில் உள்ளன. அவற்றைப் புதிய தொகுப்பில் சேர்த்தால் ஆல்பங்களும் திருத்தங்களும் போய்விடுமே என்று தயங்குகிறேன். வட்டின் நகலெடுத்துவிட்டேன். ஆல்பங்களை இழக்காமல் மீட்ட அனுபவம் உள்ளவர்கள், எந்த வரிசையில் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.