ஹாஸ்கெல்: சராசரி போடும் ஃபங்ஷனில் டைப் எரர்

கேள்வி

பைத்தானில் எழுதிப் பழகிவிட்டு இப்போதுதான் ஹாஸ்கெல் பக்கம் வந்திருக்கிறேன். மதிப்பெண் பட்டியலைக் கொடுத்தால் சராசரி சொல்ல ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன். ‘சம்’ தரும் தொகையை ‘லெங்த்’ தரும் எண்ணிக்கையால் வகுக்கிறேன், அவ்வளவுதான். எது எந்த வகை மதிப்பு என்று சொல்லும் டைப் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. கம்பைல் ஆகமாட்டேன் என்கிறது. வகுத்தல் குறியைக் காட்டி, ‘ஃப்ராக்‌ஷனல் இன்ட்’டுக்கு இன்ஸ்டன்ஸ் (அந்த டைப்பில் வகுத்தல் எப்படி நடக்கும் என்ற வரையறை) இல்லை என்கிறது.

அடித்ததும் விடை காட்டும் ஜிஹெச்சிஐயில் 70.5, 81, 64.5 கொடுத்துப் பார்த்தேன். தொகை 216.0, எண்ணிக்கை 3. நானே 216.0 / 3 என்று அடித்தால் 72.0 வருகிறது. ஃபங்ஷனுக்குள் மட்டும் என்ன தகராறு? அந்த இன்ஸ்டன்ஸை நானே எழுதிவிடலாமா?

பதில் 1

‘லெங்த்’தையும் பட்டியலையும் அடைப்புக்குறிக்குள் வைத்து, முன்னால் ‘ஃப்ரம்இன்டெக்ரல்’ போடுங்கள், முழு எண்ணை வேறு எண் டைப்பாக மாற்றித் தரும். ஓடும்.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனால் காரணம் புரியாமல் ஒட்டுப்போட்டால் நாளைக்கு வேறு இடத்தில் இதே எரர் வரும்.

வகுத்தல் குறிக்கு இரண்டு பக்கமும் ஒரே டைப் வேண்டும். ‘லெங்த்’ தருவது எப்போதும் இன்ட், அதாவது முழு எண் டைப். அதனால் கம்பைலர் உங்கள் தொகையையும் இன்ட் என்றே முடிவு செய்கிறது. பிறகு, இன்ட்டை வகுக்க வழி இருக்கிறதா என்று தேடுகிறது, இல்லை. நீங்கள் கையால் அடித்த 3 வேறு சங்கதி. எழுத்தில் இருக்கும் முழு எண் எந்த எண் டைப்பாகவும் மாறிக்கொள்ளும், அங்கே டபுள், அதாவது தசம எண் டைப், ஆகிவிட்டது. ‘லெங்த்’ கொடுத்த 3 அப்படி மாறாது.

இன்ஸ்டன்ஸ் மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். இந்த எரர் வாயை மூடிவிடும், அதோடு இன்ட்டைத் தவறி வகுக்கும் மற்ற இடங்களும் சத்தமில்லாமல் கம்பைல் ஆகிவிடும்.

இரண்டு தகவல் எங்கே முட்டிக்கொள்கிறதோ அங்கேதான் கம்பைலர் விரல் நீட்டும். பிழை அங்கேதான் என்று அர்த்தமில்லை. ஃபங்ஷனுக்கு மேலே டைப்பை எழுதுங்கள்: டபுள் பட்டியல் வாங்கி டபுள் தரும் என்று. இப்போது எரர் ‘லெங்த்’தின் மேலேயே வந்து உட்காரும்: எதிர்பார்த்தது டபுள், கிடைத்தது இன்ட். எதிர்பார்த்தது என்றால் அந்த இடம் கேட்பது, கிடைத்தது என்றால் நீங்கள் கொடுத்தது.

அப்படியும் பிடிபடாவிட்டால், அடைப்புக்குறிக்கு முன்னால் வெறும் அடிக்கோடு ஒன்றைப் போடுங்கள். இன்ட் வாங்கி டபுள் தரும் ஏதோ ஒன்று இங்கே வேண்டும் என்று கம்பைலரே சொல்லும். ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஹெச்சியின் 7.8இல், 2014இல் வந்த வசதி இது. எனக்கு இதைவிட உதவியது வேறில்லை.

கேட்டவர்

டைப் எழுதியதுமே விளங்கிவிட்டது, மிக்க நன்றி. காலிப் பட்டியல் கொடுத்தால் ‘நான் எ நம்பர்’ (எண் அல்ல) என்று வருகிறதே, அதைக் கம்பைலர் ஏன் பிடிக்கவில்லை?

பதில் 2

0.0ஐ 0.0ஆல் வகுத்து வருவதும் டபுள்தான், அதனால் டைப்பில் குறை எதுவும் தெரியாது. ஃபங்ஷன் ‘மேபி டபுள்’ (டபுள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்) தருவதாக மாற்றுங்கள்: காலி என்றால் ‘நத்திங்’, இல்லாவிட்டால் ‘ஜஸ்ட்’. மாற்றியதும் நிறைய எரர் கொட்டும், பயப்படாதீர்கள். சராசரி 35க்கு மேலா என்று எங்காவது ஒப்பிட்டிருந்தால், அங்கே ‘நம் மேபி டபுள்’ இன்ஸ்டன்ஸ் இல்லை, அதாவது மேபி டபுளை எண்ணாக எடுக்க வழியில்லை என்னும். காலிப் பட்டியலை யோசிக்காமல் விட்ட இடம் அது. ‘நத்திங்’ வந்தால் என்ன, ‘ஜஸ்ட்’ வந்தால் என்ன என்று ‘கேஸ்’ போட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதிக்கொண்டே போங்கள். ‘பிரிண்ட்’ போட்ட இடங்கள் மட்டும் எரரில் வராது. அங்கே ‘ஜஸ்ட் 72.0’ என்றே அச்சாகும், அவற்றை நீங்கள்தான் தேடிப் பார்க்க வேண்டும்.